வட்டக்கானலில் விரியும் கமிட் வரலாறு

டால்பின் நோஸ் பாறைக்குப் போகும் வழியில் வீடெடுத்துத் தங்கி, சமவெளி நிறுவனங்களுக்கு நிரல் எழுதுகிறவர்களை இப்போது மலையூரான வட்டக்கானலில் பார்க்கலாம். மழையில் இணையம் அறுந்தாலும் அவர்கள் வேலை நிற்பதில்லை. டெர்மினலில், கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளின் ‘கிட் லாக்’ கட்டளையோடு ‘கிராஃப்’ என்ற தெரிவைச் சேர்த்தால், திட்டத்தின் முழு வரலாறும் மடிக்கணினியிலேயே விரிகிறது.

2000-களின் தொடக்கத்தில் இது நடக்காத காரியம். அது சி.வி.எஸ். என்ற பழைய பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளின் காலம். வரலாறு முழுதும் அலுவலக சர்வரில் இருக்கும். பழைய மாற்றம் எதுவானாலும் அதனிடம்தான் கேட்க வேண்டும். கேட்டாலும் கோப்பு கோப்பாகத்தான் பதில் வரும். ஒரு கோப்பு 1.7 என்ற பதிப்பில் நிற்கும், பக்கத்துக் கோப்பு 1.23-இல் நிற்கும். இரண்டும் ஒரே காரணத்துக்காக மாறியவை என்பதைத் தேதியையும் குறிப்பையும் ஒப்பிட்டு நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். கிளை பிரிந்தால் 1.7.2.1 என்று எண் விழும்; திரும்பி வந்து இணைந்ததற்கு எந்தத் தடமும் இருக்காது. இணைத்தவர் வேலையை விட்டுப் போனால் அந்த விவரமும் அவரோடு போய்விடும்.

2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதினார். அதில் ஒவ்வொரு கமிட்டும், அதாவது பதிவு செய்த ஒவ்வொரு மாற்றமும், தன் பெற்றோர் (தனக்கு முந்தைய கமிட்) யார் என்பதைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. இணைப்பு கமிட்டுக்குப் பெரும்பாலும் இரண்டு பெற்றோர். வம்சாவளி வரையத் தேவையானதெல்லாம் அங்கேயே இருந்தது. 2008-இல் 1.5.6 பதிப்போடு ‘கிராஃப்’ வந்தது; வெறும் எழுத்துக் குறிகளே படம் வரைந்தன. நட்சத்திரக் குறி ஒரு கமிட், நிமிர்ந்த கோடு தொடர்ச்சி, சாய்கோடுகள் பிரிவும் சேர்க்கையும். 2020 ஜனவரியில் வந்த 2.25 பதிப்பு அந்தக் கோடுகளின் வீண் வளைவுகளைக் குறைத்தது.

ஆனாலும் பத்துப் பதினைந்து கிளைகள் பின்னி ஓடும்போது விரலை வைத்துப் பார்த்தாலும் வழி புரியாது. அங்கே ‘ஃபர்ஸ்ட் பேரண்ட்’ என்ற தெரிவு கைகொடுக்கும்: முதல் பெற்றோர் வழியே மட்டும் இறங்கி, முதன்மைக் கிளையில் எது எந்த வரிசையில் சேர்ந்தது என்று காட்டும். ‘ஒன்லைன்’ போட்டால் கமிட்டுக்கு ஒரு வரி. அந்த வரியில் வெறும் ‘ஃபிக்ஸ்’ என்று எழுதி வைத்திருந்தால் கோடுகள் எவ்வளவு அழகாக ஓடினாலும் பயனில்லை. எதைத் திருத்தினோம், ஏன் திருத்தினோம் என்பதை மனிதர்தான் எழுத வேண்டும்.

சிலர் எல்லாவற்றையும் ரீபேஸ் செய்து, அதாவது கிளையின் கமிட்டுகளை இன்னொரு கிளையின் முனையில் மறுபடி அடுக்கி, ஒரே நேர்கோடாக்கிவிடுகிறார்கள். இன்னும் யாரோடும் பகிராத சொந்தக் கிளைக்கு அது நல்ல பழக்கம். பலர் சேர்ந்து உழைத்த கிளையை அப்படி நேராக்குவது எனக்கு ஒப்பாது. தனித்தனியாகச் சரியாக ஓடிய இரண்டு கிளைகள் இணைந்த இடத்தில்தான் பல பிழைகள் பிறக்கின்றன. அந்த இடத்தையே அழித்துவிட்டால், பிழையைத் தேடி வருகிறவர் எங்கிருந்து தொடங்குவார்?