ஹியூமர் என்னும் சொல்லின் வரலாறு

நகைச்சுவையைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் சொற்களுள் 'ஹியூமர்' என்பது பெரிதும் பழக்கமானது. ஆயினும், கண் வைத்தியர் அதே சொல்லைக் கையாளும்போது சிரிப்புக்கு அங்கே இடமில்லை. கண்ணின் வில்லைக்கு முன்னேயுள்ள தெளிந்த நீரையும், பின்னே கண்விழியின் உட்புறத்தை நிரப்பும் கூழ்போன்ற பொருளையும் அவர் ஹியூமர் என்றே அழைக்கிறார். பழைய பொருள் அங்கேதான் மாறாது நிற்கிறது. இலத்தீன் மொழியிலே 'உமோர்' என்பது ஈரம், நீர் என்றே பொருள்படும்.

உடல்நீருக்கும் நகைக்கும் உறவு ஏற்பட்டது வைத்தியத்தின் வழியாகவே. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்போக்கிரட்டீசின் மரபினர், மனித உடலில் குருதி, சளி, மஞ்சட்பித்தம், கரும்பித்தம் என நான்கு நீர்கள் உண்டென்றனர். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் உரோமாபுரியில் வைத்தியஞ் செய்த கலென் இக்கொள்கையை விரித்துரைத்தார். நீர்கள் அளவொத்து நின்றால் நலம்; ஒன்று மிகுந்தால் நோய். மனக்குணமும் அக்கலவையையே பொறுத்தது. மஞ்சட்பித்தம் மிகுந்தவன் முன்கோபி. கரும்பித்தம் மிகுந்தவன் துயரத்தில் ஆழ்ந்தவன். 'மெலன்கொலி' என்னும் சொல்லுக்குக் கிரேக்கத்திற் கரும்பித்தம் என்பதே நேர்ப்பொருள். வாதம், பித்தம், கபம் என மூன்றைக் கொண்ட சித்த வைத்தியத்தை அறிந்து, 'பித்தந் தலைக்கேறிவிட்டது' என்று இன்றும் பேசும் தமிழருக்கு இது விளங்காத செய்தியன்று.

இவ்வாறு நீரைக் குறித்த சொல் மனப்போக்கைக் குறிக்கலாயிற்று. பின்னர், ஒருவனைப் பிடித்தாட்டும் விசித்திரக் குணத்துக்கும் அதுவே பெயராயிற்று. 1598இல் பென் யோன்சன் இச்சொல்லைத் தலைப்பிலேயே வைத்து 'எவ்ரி மான் இன் ஹிஸ் ஹியூமர்' என்னும் நாடகத்தை அரங்கேற்றினார். அதில் நடித்தவர்களுள் சேக்சுபியரும் ஒருவர். மனைவிமீது ஓயாது ஐயுறும் வணிகன், வாயளவில் வீரனான போர்வீரன் ஆகியோர் அதிலே வருகின்றனர். ஒரே குணம் ஒருவனுடைய உணர்ச்சிகள் அனைத்தையும் ஒரே திசையில் இழுத்துச் செல்வதே ஹியூமர் என மறு ஆண்டு நாடகத்தில் அவர் விளக்கமும் தந்தார். யோன்சனுக்கு ஹியூமர் ஒரு நோய். நாடகம் அதற்குக் கொடுக்கும் பேதிமருந்து. அவருடைய சிரிப்பிற் கசப்பு மிகுந்திருப்பதில் வியப்பில்லை.

ஆகவே, அக்காலத்தில் 'ஹியூமரிஸ்ட்' எனப்பட்டவன் பிறரைச் சிரிக்கவைப்பவன் அல்லன். பிறர் கண்டு சிரிக்கும் விசித்திர மனிதன். இப்பொருள் நெடுங்காலம் நின்றது. 1711இல் 'ஸ்பெக்டேட்டர்' இதழில் அடிசன், சேர் உரொஜர் டி கவர்லி என்னும் நாட்டுப்புறப் பிரபுவை ஒருவகை ஹியூமரிஸ்ட் எனக் கூறியது இப்பொருளிலேயே. அப்பிரபு கோயிலிற் பிறர் எவரையும் உறங்கவிடார். தாமே சற்றுக் கண்ணயர்ந்துவிட்டால், விழித்தவுடன் எழுந்துநின்று, உறங்குவோர் எவரேனும் உளரோவென நாற்புறமும் நோக்குவார்! இதைப் படித்து நகையாதவர் இல்லை. அவரை வெறுப்பவரும் இல்லை. யோன்சனின் வணிகனைக் கண்டு சிரித்தவர் அவனைத் தம் வீட்டுக்கு அழைத்திருக்கமாட்டார். சேர் உரொஜரையோ எவரும் விருந்துக்கு அழைப்பர். குறையுள்ள மனிதனிடத்து அன்பு கலந்து எழும் இந்நகைக்கே ஹியூமர் என்னும் பெயர் மெல்லமெல்ல உரியதாயிற்று. அறிவுக்கூர்மையாற் பிறரைக் குத்தும் பேச்சுக்கு 'விட்' என்னும் வேறு சொல் இருந்தமையும் இப்பிரிவுக்குத் துணைசெய்தது. பின்னரே, அந்நகையை உண்டாக்கும் எழுத்தாளனும் பேச்சாளனும் ஹியூமரிஸ்ட் எனப்பட்டனர். சிரிப்புக்கு ஆளானவனின் பெயர் சிரிக்கவைப்பவனுக்குப் போய்ச்சேர்ந்தது.

நான்கு நீர்க் கொள்கையோ 19ஆம் நூற்றாண்டில் வைத்தியத்திலிருந்து மறைந்தது. ஆங்கிலத்துக்கு இச்சொல்லை முன்பு கொடுத்த பிரெஞ்சு மொழியில், 'உய்மேர்' என்பது மனநிலை என்ற அளவிலே நின்றுவிட்டது. ஆங்கிலேயர் வளர்த்த புதுப்பொருள் வேண்டியபோது, பிரெஞ்சுக்காரர் 18ஆம் நூற்றாண்டில் 'ஹியூமர்' என்பதையே ஆங்கிலத்திலிருந்து திருப்பிக் கடன் வாங்கினர். இன்று அவர்கள் அகராதியில் இரண்டும் தனித்தனிச் சொற்களாக நிற்கின்றன.