லைனில் முதல் வீடு எது?

ஊட்டியில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் இருக்கிறது. விண்வெளிக் கதிர்கள் காற்றில் மோதும்போது பிறக்கும் மியூவான் என்ற நுண்துகள்கள் அங்கே ஒரு நாளைக்குச் சுமார் 400 கோடி பதிவாகின்றன. நொடிக்கு 46,000. ஒரு மடக்கு டீ தொண்டையில் இறங்குவதற்குள் லட்சத்தைத் தொட்டுவிடும். இப்படிக் குவியும் கணக்கையெல்லாம் எங்கேயாவது எழுதி வைக்க வேண்டுமே, அதற்குத்தான் ஹார்ட் டிஸ்க்.

அது மலையேறுவதே ஒரு சாகசம். டிஸ்க்கைப் படிக்கும் முனை தட்டைத் தொடுவதில்லை. நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் தட்டு கிளப்பும் காற்றில், சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. தலைமுடியின் பருமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு! ஊட்டியிலோ காற்றழுத்தம் சென்னையில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்றே மேல். ஆனாலும் வழக்கமான டிஸ்க்குகள் சுமார் 3,000 மீட்டர் வரை தாங்கும். தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான்.

வம்பு கன்ட்ரோலரில் தொடங்குகிறது. டிஸ்க்குக்கும் கணினிக்கும் நடுவே நிற்கும் தரகர் அது. பழைய ஸ்கஸி முறையில் ஒரே கேபிளில் 0 முதல் 7 வரை எட்டே எண்கள். 7 பெரும்பாலும் தரகருக்கு. மிளகளவு பிளாஸ்டிக் மூடியை, அதாவது ஜம்பரை, ஊசியில் மாற்றிச் செருகித்தான் டிஸ்க்குக்கு எண் கொடுப்பார்கள். இரண்டுக்கு ஒரே எண் விழுந்தால், ஒரு பெயரைக் கூப்பிட்டு இரண்டு பேர் திரும்பிய கதை. கேபிளின் இரு முனைகளிலும் டெர்மினேட்டர் என்ற அடைப்பான் வேண்டும். இல்லாவிட்டால் பள்ளத்தாக்கில் கூவினாற்போல் சமிக்ஞை எதிரொலித்து வந்து குழப்பும்.

யூனிக்ஸ் வழிவந்த லினக்ஸில் குழப்பம் இன்னும் நூதனம். எஸ்டேட் லைன் வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் கண்ணில் படும் டிஸ்க் 'எஸ்டிஏ', அடுத்தது 'எஸ்டிபி'. சர்வரில் இரண்டாவது கன்ட்ரோலரைச் செருகினால், எண்ணுகிறவர் லைனின் மறுகோடியிலிருந்து தொடங்கிவிடக்கூடும். நேற்றைய முதல் வீடு இன்று ஐந்தாவது. டிஸ்க்கில் ஒரு குறையும் இல்லை. ஆனால் சர்வர் எழும்பாது. இதற்காக நல்ல டிஸ்க்கைக் கழற்றித் தூர வைத்தவர்களும் உண்டு.

தீர்வு அழகானது. கதவு எண்ணை விட்டுவிட்டு ஆளின் மச்சத்தைப் பார்ப்பது. டிஸ்க்கில் கோப்பமைப்பை உருவாக்கும்போதே, யூயூஐடி என்ற 128 பிட் அடையாள எண் அதிலேயே பதிகிறது. சாத்தியமான எண்கள் எத்தனை தெரியுமா? எழுதினால் 39 இலக்கம். எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று லினக்ஸ் பார்க்கும் 'எஃப்எஸ்டேப்' கோப்பில் எஸ்டிஏ என்பதை அழித்து இந்த எண்ணை எழுதிவிட்டால், டிஸ்க்கை எந்தக் கன்ட்ரோலரில் மாட்டினாலும் சர்வர் கண்டுபிடித்துவிடும்.

ஒரு டிஸ்க்கை அச்சு அசலாக நகலெடுத்தால் மச்சமும் சேர்ந்தே நகலாகும். இரண்டையும் ஒரே சர்வரில் மாட்டிப் பாருங்கள். எக்ஸ்எஃப்எஸ் என்ற கோப்பமைப்பு உஷார்: முதலாவதை உள்ளே விட்டுவிட்டு, 'இதே ஆள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறாரே' என்று இரண்டாவதை வாசலிலேயே நிறுத்திவிடும்.