சொகுசு ஜீப்பில் சொகுசு எங்கே இருக்கிறது?

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறந்துவிடப்பட்டது. அதன் பிறகு காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி என்று எங்கு போனாலும், இஷாவுக்குப் பின் கடை வாசலில் கூடும் வியாபாரிகளின் பேச்சில் சிறிய ஜீப் வாகனங்கள் வந்துவிடுகின்றன. வெசல், சீ.எச்.ஆர்., லெக்சஸ் யூ.எக்ஸ்., பீ.எம்.டபிள்யூ. எக்ஸ் 1, அவுடி கியூ 2 என்று பெயர்கள் நீளுகின்றன. ஜப்பானில் வெசல் நடுத்தரக் குடும்பத்தின் வாகனம். நமது நாட்டு வரிகளைக் கட்டி வெளியே எடுக்கும்போது அதுவும் சொகுசு வாகனமாகிவிடுகிறது. கடையில் சரக்காக இருக்க வேண்டிய முதல், வீட்டு முற்றத்தில் நிற்கப் போகிறது. அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்று பார்ப்பது வியாபாரியின் பழக்கம்தானே.

இந்த வாரம் ஒரேயொரு விடயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அது குலுக்கம். எரிபொருளைப் பற்றி எல்லோரும் விசாரிக்கிறார்கள். முதுகைப் பற்றி விசாரிப்பவர்கள் குறைவு. வாப்பாவையும் உம்மாவையும் கொழும்புக்கு வைத்தியரிடம் கொண்டுபோவதும் இந்த வாகனத்தில்தான். முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணம். பின் ஆசனத்தில் இருக்கும் வயதானவர் இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினால், கொடுத்த பணத்துக்கு என்ன அர்த்தம்?

மரக்கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் என்னிடம், "காக்கா, வெசலில் எக்ஸ் வகைக்கும் இஸட் வகைக்கும் விலை வித்தியாசம் இருக்கு. கூடக் குடுத்தா ஓட்டமும் சொகுசாகுமா?" என்று கேட்டார். உள் அலங்காரம் கூடும், ஓட்டத்தில் சொகுசு குறையும் என்றேன். அவர் நம்பவில்லை. காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

வாகனத்தின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிறிங். அந்த ஸ்பிறிங் தொடர்ந்து துள்ளாமல் அடக்குவது ஷொக் அப்சோபர். இரும்பும் இரும்பும் சந்திக்கும் இடங்களில் அதிர்வை விழுங்குவது புஷ் எனப்படும் இறப்பர். இந்த மூன்றுக்கும் முன்னால் நிற்கும் நாலாவது ஆளை நாம் மறந்துவிடுகிறோம். அதுதான் டயர். வீதியின் அடியை முதலில் வாங்குவது டயருக்குள் இருக்கும் காற்று. றிம்முக்கும் வீதிக்கும் இடையில் எவ்வளவு இறப்பர் இருக்கிறதோ, அவ்வளவுக்குச் சின்னச் சின்ன அடிகள் உள்ளே வராது.

டயரின் பக்கத்தில் எழுதியிருப்பதை வாசித்தால் இந்தக் கணக்கை நீங்களே போடலாம். 2021இல் வந்த வெசலில் எக்ஸ் வகைக்கு 215/60 ஆர் 16, இஸட் வகைக்கு 225/50 ஆர் 18. முதல் இலக்கம் அகலம், இரண்டாவது அந்த அகலத்தின் எத்தனை வீதம் உயரம் என்பது. 215இன் 60 வீதம் 129 மில்லிமீற்றர். 225இன் 50 வீதம் 112 மில்லிமீற்றர் சொச்சம். வித்தியாசம் ஒரு சுண்டுவிரல் அகலம்தான். ஆனால் குழியின் விளிம்பில் சில்லு விழும்போது அந்தச் சுண்டுவிரல் அகலத்தின் அருமை தெரியும். லெக்சஸ் யூ.எக்ஸில் 17 அங்குல றிம்முக்கும் 18 அங்குல றிம்முக்கும் இடையில் வருவதும் இதே கணக்குத்தான். பெரிய றிம் பார்வைக்கு அழகு. வெட்டுப்பட்டால் புது டயர் வாங்குவதற்கு விலையும் கூட.

நமது வீதிகளுக்கு இது ஏன் முக்கியம்? கல்முனை வீதியும் திருகோணமலை வீதியும் காபட் வீதிகள். அதில் எந்த வாகனமும் வழுக்கிக்கொண்டு போகும். சோதனை அங்கே இல்லை. ஊருக்குள் கொங்கிறீற் ஒழுங்கைகள், குழாய் போட வெட்டி மூடிய இடங்கள், பாலங்களின் இணைப்புகள் ஆகியவற்றில்தான் சோதனை. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அவ்விடத்தில் வாவியைப் படகில் கடந்தவர்கள், இப்போது படுவான்கரைக்கு நெல் பார்க்க வாகனத்திலேயே போய்வருகிறார்கள். அங்குள்ள கிறவல் வீதிகள் மாரி மழைக்குப் பின் எப்படியிருக்கும் என்பதை நெல் வியாபாரிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இவையெல்லாம் சின்ன, கூர்மையான அடிகள். இவற்றுக்கு மருந்து டயரும் புஷ்ஷும்தான்.

ஐரோப்பிய வாகனங்களில் பல, காற்றுப் போனாலும் ஓடும் 'றன் பிளற்' டயரோடு வருகின்றன. பக்கச்சுவர் கெட்டியானது, ஆகவே குலுக்கம் கூட. எனினும் அதை ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். காற்றுப் போன பின்னும் பொதுவாக மணிக்கு 80 கிலோமீற்றருக்கு மேற்படாத வேகத்தில் 80 கிலோமீற்றர் தூரம் போகலாம். வெலிக்கந்தைக்கும் வாழைச்சேனைக்கும் இடையில் இரவு பத்து மணிக்கு, யானை நடமாடும் இடத்தில் இறங்கிச் சில்லு மாற்றுவதை விட அது நல்லது.

அடுத்தது பின்பக்கம். சாதாரண வெசலில் பின் சில்லுகள் இரண்டையும் ஒரே இரும்புத் தண்டு இணைக்கிறது. ஒரு பக்கம் குழியில் விழுந்தால் மறுபக்கத்துக்கும் அது தெரியும். சீ.எச்.ஆரிலும் யூ.எக்ஸிலும் இரண்டும் தனித்தனி. அவுடி கியூ 2இல் முன்சில்லு இழுவைக்குத் தண்டு, நாலு சில்லு இழுவைக்குத் தனித்தனி. ஒரே பெயர், இரண்டு வாகனம். தனித்தனியாக உள்ளது பின் ஆசனத்துக்குச் சொகுசு. ஆனால் அதில் புஷ்களும் மூட்டுகளும் அதிகம், தேய்ந்தால் மாற்றும் செலவும் அதிகம். ஊர் கராஜில் முடிக்கக்கூடியது தண்டு. பெரும்பாலும் முன்னால் இருவர் மட்டும் போகும் வாகனம் என்றால் தண்டே போதும் என்பது என் எண்ணம்.

'எம் ஸ்போர்ட்', 'எஸ் லைன்', 'ஏ.எம்.ஜி. லைன்' என்று வால் நீண்ட பெயர்களைக் கவனியுங்கள். இவற்றில் சிலது வெளி அலங்காரம் மட்டும். சிலதில் ஸ்பிறிங் இறுக்கமாகி உயரமும் சற்றுக் குறைந்திருக்கும். எது என்று கேட்காமல் பணம் கட்ட வேண்டாம். இறுக்கமான ஸ்பிறிங் ஜேர்மனியின் அதிவேக வீதிக்கு நல்லது; நமது நாட்டில் அதற்குக் கூடப் பணம் கொடுப்பது வீண்விரயம்.

மின்சாரத்தால் இறுக்கமும் தளர்ச்சியும் மாறும் ஷொக் அப்சோபர்களும் உண்டு. றேஞ்ச் றோவர் இவோக்கில் வந்த ஒரு வகையில், காந்தம் பட்டால் தடிப்பாகும் எண்ணெய் உள்ளே இருக்கிறது. நீண்ட அலை போன்ற மேடு பள்ளங்களில் இது மிக அருமையாக வேலை செய்யும். ஆனால் எண்ணெய் கசிந்தால் ஒன்றின் விலை சாதாரண ஷொக்கைப் போலப் பல மடங்கு. ஐந்து வருடம் வைத்திருக்கப் போகிறவர் அந்தச் செலவையும் வாகன விலையோடு சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும்.

இங்கே இன்னொரு பழக்கம் இருக்கிறது. வாகனத்தின் அடி தட்டுகிறது என்று ஸ்பிறிங்குக்கு மேல் ஸ்பேசர் வைத்து உயர்த்துகிறார்கள். உயரம் கிடைக்கும், உண்மைதான். ஆனால் ஷொக் அப்சோபர் கீழே நீள்வதற்கு இருந்த இடம் குறைந்துவிடுகிறது. சில்லு குழிக்குள் இறங்கும்போது ஷொக் அதன் எல்லையை அடித்து 'டக்' என்று சத்தம் வரும். முன் அச்சின் கோணமும் மாறி, அதன் மூட்டுகளும் இறப்பர் உறைகளும் சீக்கிரம் போகும். சொகுசுக்கு வாங்கிய வாகனத்தின் சொகுசை நாமே காசு கொடுத்துக் கெடுக்கிறோம்.

பார்த்து வாங்கும்போது பின் ஆசனத்தில் ஏறியிருந்து, உங்கள் வீட்டு ஒழுங்கை போன்ற ஒரு வீதியில் ஓட்டச் சொல்லுங்கள். விற்பனை நிலையத்துக்கு முன்னாலுள்ள காபட் வீதியில் ஓடிப் பார்ப்பது, துணியைப் பெட்டிக்குள் வைத்தே விலை பேசுவது போன்றது. வாகனத்தின் ஒரு மூலையைப் பலமாக அமுக்கி விடுங்கள். ஒரு தரம் எழும்பி அடங்கிவிட வேண்டும். ஜப்பான் ஏல அறிக்கை இருந்தால், அடிப்பக்கத் துருவைப் பற்றி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அங்கே பனி விழும் பகுதிகளில் வீதியில் உப்புத் தூவுவார்கள்.

உப்பு நமக்கும் உண்டு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. ஸ்பிறிங்கையும் ஷொக்கின் தண்டையும் இந்தக் காற்று மெல்ல மெல்லத் தின்னும். சேர்விசுக்கு விடும்போது அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் அடித்துக் கழுவச் சொல்லுங்கள். டயர் காற்றைச் சாரதிப் பக்கக் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்கு மட்டும் அடியுங்கள். எரிபொருள் மிச்சம் என்று 40 அடிக்கும் சிலரின் வாகனத்தில் ஏறினால், எக்ஸ் வகையும் இஸட் வகை போலத்தான் குலுக்கும்.