கொங்குப் பெருவழியும் நொய்யற்கரை ஊர்களும்

சங்கச் சான்றோர் கொடுமணம் எனச் சுட்டிய ஊர், நொய்யலாற்றின் வடகரையில் இன்று ஈரோடு மாவட்டத்தைச் சார்ந்துள்ள கொடுமணலே என்பது அறிஞர் துணிபு. பதிற்றுப்பத்தில் கபிலர் பாடிய ஏழாம் பத்தும் அரிசில்கிழார் பாடிய எட்டாம் பத்தும் இவ்வூரைக் குறிக்கின்றன. பின்னது, அங்குச் செய்யப்பெற்ற அரிய அணிகலன்களின் தொழில்நலத்தைப் போற்றுகின்றது. 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும் பிற நிறுவனங்களும் நடத்திய அகழாய்வுகள் இப் புகழ் வெறும் புனைந்துரை அன்று என நிறுவின. மணிக்கல் இழைத்த தொழிற்கூடங்களும், இரும்பு உருக்கிய உலைகளும், தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகள் நூற்றுக்கணக்கிலும் அங்கு வெளிப்பட்டன.

கொடுமணல் தனித்து நின்ற ஊர் அன்று. மேலைக் கடற்கரையினின்றும் பாலக்காட்டுக் கணவாய் வழியே கொங்கினுட் புகுந்து, நொய்யலை ஒட்டிக் கருவூர் நோக்கிச் சென்ற வணிக வழியில் அஃது ஒரு நிலையம். காங்கேயத்தை அடுத்த படியூர் மணிக்கல் தந்தது; காத்தாங்கண்ணியில் உரோம நாணயங்கள் கிடைத்துள்ளன. கோவையை அடுத்த சுண்டக்காமுத்தூர்ப் பக்கத்துப் பாறைக் கல்வெட்டு, இராசகேசரிப் பெருவழி என்னும் பெயரையே நமக்குக் காத்துத் தந்துள்ளது. எனவே ஓர் ஊரின் சிறப்பை மற்றோர் ஊரின்றி விளக்குதல் இயலாது.

இக் கருத்து, சிற்றூர்களையும் சிறு நகரங்களையும் சுற்றுலாவின் பொருட்டுப் பேணும் முறைக்கும் பொருந்துவதாம். சுந்தரர் பாடல்பெற்ற அவிநாசி, திருமுருகன்பூண்டி ஆகியவற்றையும், சர்க்கார் பெரியபாளையத்துச் சுக்கிரீசுவரர் கோயிலையும் தனித்தனியே காண்போர் பலர். அவற்றை இணைத்த வழியைக் காண்போர் சிலரே. ஐரோப்பாவில் சந்தியாகோ திருத்தலத்திற்குச் செல்லும் பழைய வழியினை, ஐரோப்பிய மன்றம் 1987-இல் முதற் பண்பாட்டு வழியென அறிவித்தது. ஆங்கு வழியே போற்றத்தக்க பொருளாயிற்று. செல்வோர் ஊர்தோறும் தங்கி நடந்தமையால் சிற்றூர்களும் பயன்பெற்றன.

ஆயின் கொங்குப் பெருவழிக்கு வேறொரு தடை உண்டு. வழியின் உயிர் நொய்யல். அந் நொய்யலே திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலின் சாயக் கழிவால் நலிந்தது. பாசனத்தின்பொருட்டுக் கொடுமணலுக்கு அண்மையிற் கட்டப்பெற்ற ஒரத்துப்பாளையம் அணை, கழிவு தேங்கும் இடமாயிற்று. கழிவுநீரைச் சிறிதும் வெளிவிடாத நிலையை எய்தாத சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் 2011 சனவரியில் ஆணையிட்டது. உழவர் நிலமும் தொழிலாளர் கூலியும் ஒருங்கே இடர்ப்பட்ட அந் நிகழ்ச்சி, ஆறு தாங்கும் அளவை மீறிய வளம் நில்லாது என்பதற்குச் சான்றாகும்.

இவ் வரம்பு சுற்றுலாவிற்கும் உரியது. வருவோர் தொகை பெருகுதலே வெற்றி எனக் கொள்ளின், நீரும் தூய்மையும் குன்றி, அகழாய்வு மேடுகளும் ஈமக் கற்களும் சிதையும். ஆதலின் மூன்று நெறிகளை யாம் வேண்டுகின்றோம். முதலாவது, மாவட்ட எல்லை கடந்து பெருவழி முழுமையும் ஒரே திட்டத்தின்கீழ் வருதல். இரண்டாவது, ஒவ்வோர் ஊரும் தன் நீர்வளத்திற்கு ஏற்ப வருவோர் அளவை வகுத்தல். மூன்றாவது, பண்டை மணித்தொழிலையும் இன்றைய நெசவையும் பின்னலாடையையும் ஒரு தொடராகக் காட்டி, அவ்வூர்க் கைவினைஞர்க்கே ஊதியம் சேரச் செய்தல்.

இது கைகூடாக் கனவன்று. திருப்பூரை அடுத்த நஞ்சராயன் குளம் பறவைகளின் புகலிடமாகப் பேணப்பெற்று, 2024-இல் உலகச் சிறப்புடைய ஈரநிலமாக இராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. தொழில்நகரின் அருகிலேயே ஒரு குளம் உயிர்பெற்று நிற்கக்கூடுமெனின், ஆற்றையும் மீட்டல் அரிதன்று. பாட்டில் கொடுமணத்தைக் கற்கும் நாம், அவ்வூரை வாழ்வித்த ஆற்றையும் ஆய்வுப் பொருளாகக் கொள்ளுதல் கடமையாகும்.