குறட்டை நின்ற பிறகு

குறட்டை சட்டென்று நின்றால் பக்கத்தில் படுத்திருப்பவருக்கு அப்பாடா என்றிருக்கும். குறட்டை விட்டவருக்கோ தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப் பாதையே அடைத்திருக்கலாம். ஓர் இரவில் நூற்றுக்கணக்கான முறை இப்படி நடந்தாலும் காலையில் அவருக்கு எதுவும் நினைவிருக்காது. அதை வெளியே கொண்டுவருவதுதான் 'ஸ்லீப் ஸ்டடி' எனும் இரவுநேரத் தூக்கப் பரிசோதனை.

முதலில் டெக்னீஷியன் டேப்பால் தலையை அளக்கிறார். மூக்குத்தண்டின் உச்சிப் பள்ளத்திலிருந்து பின்மண்டை முட்டுவரை அளந்து, அந்தத் தூரத்தைப் பத்து, இருபது சதவீதமாகப் பிரித்துப் புள்ளி வைக்கிறார். தலை சிறிதோ பெரிதோ, மூளையின் அதே பகுதிக்கு மேல் மின்முனை உட்கார வேண்டுமே! தோலைத் தேய்த்துச் சுத்தம் செய்து, பசை வைத்து ஒட்டுகிறார். மின்முனை பிடிக்க வேண்டிய மூளை அலை 50 மைக்ரோவோல்ட் அளவில் இருக்கும்; டார்ச் லைட் பேட்டரியின் 1.5 வோல்ட்டில் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு.

விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் சிவப்பு, அகச்சிவப்பு என இரண்டு ஒளிகளைப் பாய்ச்சுகிறது. ஆக்ஸிஜன் நிறைந்த ரத்தமும் குறைந்த ரத்தமும் அவற்றை வெவ்வேறு அளவில் உறிஞ்சும். தோலும் எலும்பும்கூட ஒளியை விழுங்குமே? ஜப்பானியப் பொறியாளர் டகுவோ அயோயாகி 1970களில் அதற்கு வழி கண்டார். நாடித்துடிப்போடு கூடிக் குறையும் பங்கு மட்டுமே தமனி ரத்தத்தைச் சேர்ந்தது, மாறாததைக் கழித்துவிடலாம்.

என்னை மிகவும் வியக்க வைப்பவை மார்பிலும் வயிற்றிலும் கட்டும் இரண்டு பெல்ட்டுகள். மூக்கடியில் இருக்கும் உணரி, காற்று வரவில்லை என்கிறது. ஏன் வரவில்லை? மூச்சு விடும்படி மூளையே சொல்லவில்லை என்றால் இரண்டு பெல்ட்டும் அசையாமல் கிடக்கும். மூளை சொல்லியும் தொண்டை அடைத்திருந்தால் உதரவிதானம் போராடும்: வயிறு உப்பும், மார்பு உள்ளே ஒடுங்கும். திரையில் ஒரு கோடு ஏறும்போது மற்றது இறங்கும். தொண்டைக்குள் எதையும் விடாமலே அடைப்பு பிடிபட்டுவிடுகிறது!

ஆக்ஸிஜன் கோடு சற்றுத் தாமதமாகத்தான் சரியும். நுரையீரலிலிருந்து ரத்தம் விரல் நுனிக்கு வந்து சேர வேண்டும் அல்லவா? அதற்குள் மூளை அலை சில விநாடிகள் விழிப்பின் வேகத்துக்குத் தாவும். தொண்டைத் தசை இறுகும், பெரிய குறட்டையோடு காற்று பாயும், மறுபடி தூக்கம்.

காகிதச் சுருளில் பதிந்த காலத்தில் ஒரு பக்கத்தில் 30 விநாடி அடங்கியது. கணினி வந்த பிறகும் அந்த 30 விநாடிக் கணக்கே நீடிக்கிறது. எட்டு மணி நேரத்துக்கு 960 துண்டுகள். அவற்றில் மூச்சு பத்து விநாடியாவது நின்ற, மெலிந்த இடங்களை எண்ணுகிறார்கள். மணிக்கு ஐந்துக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. முப்பதைத் தொட்டால் கடுமை, அதாவது இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை. மல்லாந்து படுக்கும்போதும், தசைகள் துவண்டுபோகும் கனவுத் தூக்கத்திலும் இந்த எண்ணிக்கை எகிறுவது வழக்கம். அதனால் படுக்கும் நிலையைக் காட்டும் உணரியும், கண்ணசைவைப் பதியும் மின்முனையும் உண்டு.

முன்னிரவிலேயே கடுமை தெரிந்துவிட்டால் சில இடங்களில் அன்றைய பின்னிரவிலேயே சிபாப் முகமூடியை மாட்டிவிடுகிறார்கள். மூக்கு வழியே காற்றழுத்தம் தந்து தொண்டையை விரித்து வைக்கும் கருவி அது. சிட்னியில் காலின் சல்லிவன் குழு 1981இல் வெளியிட்ட யோசனை. தூங்குபவரை எழுப்பாமல் அழுத்தத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போகிறார்கள், இரண்டு பெல்ட்டுகளின் கோடுகளும் சேர்ந்து ஏறி இறங்கும்வரை.