தரைக்கடியில் ஒழுகும் கழிவறை இணைப்பு

பள்ளிக் கழிவறையில் துர்நாற்றம் எழுந்தால் பினாயிலை மிகுதியாக ஊற்றுவது வழக்கம். நன்கு கழுவிய பின்னரும் நாற்றம் நீங்காமல், பீங்கானைச் சுற்றியுள்ள தரை எந்நேரமும் ஈரமாகவே இருக்குமாயின், கோளாறு தரைக்கு அடியில் உள்ளதென ஐயுறல் வேண்டும்.

பீங்கானுக்கு அடியில் ‘டிராப்’ எனப்படும் வளைகுழாய் உள்ளது. அதில் தேங்கி நிற்கும் நீரே குழியின் வாயு அறைக்குள் புகாமல் தடுக்கிறது. 1950-களின் பிற்பகுதியில் சிங்கூர், பூந்தமல்லி, நஜப்கர் ஆகிய இடங்களில் நடைபெற்ற ஆய்வுகளின் பயனாக உருவான கழிவறையில் இந்த நீர்த்தடுப்பின் ஆழம் 20 மில்லிமீட்டர் மட்டுமே. கையால் ஊற்றும் சிறிதளவு நீரிலேயே மலம் வெளியேற வேண்டும் என்பது அதன் நோக்கம். ஆனால் இத்தடுப்பு காப்பது பீங்கானின் வாயை மட்டுமே. டிராப்புக்கு அப்பால் உள்ள இணைப்பு பிளந்துவிடின், வாயு தரை வெடிப்புகளின் வழியே மேலேறும். கழிவுநீர் மண்ணில் கசியும். ஒழுகும் இடம் கிணற்றுப் பக்கமாக இருந்தால், குழிக்கும் கிணற்றுக்கும் இடையே 15 மீட்டர் விட்டதனால் பயன் குறைவே.

கோளாற்றை உறுதி செய்வது எளிது. குழாய் வந்து சேரும் தொட்டியில், கையுறை அணிந்து, அதன் வாயை ஈரச் சாக்கும் களிமண்ணும் கொண்டு அடைக்க வேண்டும். பீங்கானில் நீர் நிரப்பி மட்டத்தைக் குறித்துக்கொண்டு அரைமணி நேரம் பார்த்தால், ஒழுக்கு இருப்பின் நீர் இறங்கிவிடும். இச்சோதனைக்காகக் குழிக்குள் எவரையும் இறக்கலாகாது.

தரையைப் பெயர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் காணப்படுவது ஒன்றே: திமிசு போடாமல் கொட்டிய மண்ணும் செங்கல் துண்டுகளும் அமிழ்ந்து, குழாயும் உடன் தாழ்ந்து, இணைப்பு விரிசல் கண்டிருக்கும். இந்நிலையில் வெளிப்புறம் சாந்து பூசி மூடுதல் வீண்வேலை. குழாய் மீண்டும் தாழும், சாந்தும் பிளக்கும். ஊறிய மண்ணை அகற்றி, குழாயின் அடியில் கான்கிரீட் இட்டுத் தாங்கல் அமைத்து, 15 மீட்டருக்கு 1 மீட்டர் என்ற சரிவையேனும் மீட்ட பிறகே இணைப்பில் கைவைக்க வேண்டும்.

மண்குழாயாயின், சிமெண்டுப் பாலில் தோய்த்த சணலை இணைப்பின் ஆழத்தில் கால்பங்கு வரை திணித்து, எஞ்சிய இடத்தைச் சம அளவு சிமெண்டும் மணலும் கலந்த சாந்தினால் நிரப்புதல் முறை. உள்ளே பிதுங்கிய சாந்தை ஈரத்துணியால் துடைத்தெடுக்காவிடில், அது இறுகி அடைப்பை உண்டாக்கும். பி.வி.சி. குழாயின் வழவழப்பில் சிமெண்டு பற்றாது. அதற்கு ரப்பர் வளையம் கொண்ட இணைப்பே தக்கது.

சாந்தை 7 நாள் ஈரச்சாக்கால் மூடி வைத்து, முன்போலவே நீர் நிரப்பிச் சோதிக்க வேண்டும். அன்றே தரையை மூடிவிடக் கொத்தனார் விரைவது இயல்பு. நீர்மட்டம் இறங்காமல் நிற்பதைத் தலைமையாசிரியர் நேரில் கண்ட பின்னரே மண்ணை அடுக்கடுக்காக இட்டுத் திமிசு போட அனுமதித்தல் நலம்.