கம்பைலரின் பந்தி விசாரணை

2025 மே மாதம் டெல்லியில் வானிலைக் கணிப்புக்கான 'பாரத் முன்னறிவிப்பு அமைப்பு' தொடங்கியபோது, செய்திகளில் கணினி வேகத்தைச் சொல்லும் பெட்டாஃப்ளாப் கணக்கே முன்னால் நின்றது. நொய்டாவில் உள்ள அருணிகா சூப்பர் கணினிக்கு 8.24 பெட்டாஃப்ளாப். அது இயந்திரம் எட்டக்கூடிய உச்சம்தான். மழைக்கணக்கு அந்த வேகத்தில் ஓடும் என்று யாரும் நம்ப வேண்டாம். அதில் எவ்வளவு கைக்கு வரும் என்பது, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் கையிலும் இருக்கிறது.

இதைப் பழைய இயந்திரத்தில் பார்த்தால் தெளிவாகப் புரியும். வானிலைக் கணிப்புக்காக இந்தியா இரட்டைச் செயலி கொண்ட க்ரே எக்ஸ்-எம்பி/24 சூப்பர் கணினியைக் கேட்டது. அமெரிக்கா ஒற்றைச் செயலி எக்ஸ்-எம்பி/14ஐத்தான் தந்தது. 1989இல் அது டெல்லியில் இயங்கத் தொடங்கியது. அந்த இயந்திர வரிசைக்கு க்ரே நிறுவனமே எழுதிய ஃபோர்ட்ரான் மொழிக் கம்பைலர்கள் சிஎஃப்டி, பிறகு சிஎஃப்டி77. இரண்டும் கைவிடப்பட்டு வெகுகாலம் ஆகிறது. வரலாறு இவ்வளவு போதும்.

க்ரேயின் செயலிக்குள் எண்களை வரிசையாக வைக்கும் வெக்டர் ரெஜிஸ்டர் ஒவ்வொன்றும் 64 எண்களைத் தாங்கும். கல்யாணப் பந்தியில் 64 இலை என்று வைத்துக்கொள்ளுங்கள். சோறு வைப்பவர் மூன்றாம் இலைக்குப் போகும்போது சாம்பார் வாளி இரண்டாம் இலையிலும் நெய் முதல் இலையிலும் இருக்கும். ஒருவர் முடிக்கட்டும் என்று இன்னொருவர் காத்திருப்பதில்லை. பெருக்கலும் கூட்டலும் இப்படித்தான் ஒன்றன் பின்னால் ஒன்று ஓடின. 150 விருந்தினர் என்றால் 64, 64, 22 என மூன்று பந்தி. அந்தப் பிரிப்பைக் கம்பைலரே செய்துவிடும்.

எனக்குப் பிடித்தது அதன் சந்தேகம். இரண்டாம் இலைக்கு எவ்வளவு சோறு என்பது முதல் இலைக்காரர் சாப்பிட்டு முடித்த பிறகுதான் தெரியும் என்றால் பந்தி நின்றுவிடும். ஆகவே நிரலில் திரும்பத் திரும்ப ஓடும் ஒவ்வொரு சுழற்சியிலும் (லூப்), முந்தைய சுற்றில் எழுதிய மதிப்பை அடுத்த சுற்று படிக்கிறதா என்று கம்பைலர் துருவிப் பார்க்கும். ஐயம் தீராவிட்டால் ஒவ்வொருவராக உட்கார வைத்துப் பரிமாறும். வேலையில் பாதி இப்படி நின்றுவிட்டால், மறுபாதி எவ்வளவு விரைந்தாலும் மொத்த வேகம் இரண்டு மடங்கைத் தாண்டாது. உச்ச வேகத்தை விளம்பரப்படுத்துபவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதே இல்லை.

சில நேரம் நிரல் எழுதியவருக்குத் தெரிந்தது கம்பைலருக்குத் தெரியாது. வானிலை நிலையங்களின் அளவீடுகளைக் கட்டங்களில் கூட்டும்போது இரண்டு நிலையங்கள் ஒரே கட்டத்தில் விழலாம் என்று அது தயங்கும். அப்படி விழாது என்று உறுதியாகத் தெரிந்தவர், சுழற்சிக்கு மேலே 'ஐவிடெப்' என்ற கட்டளையை எழுதுவார். கம்பைலர் அதை நம்பிப் பந்தியைத் தொடங்கும். சொன்னது தவறாக இருந்தால் எச்சரிக்கை எதுவும் வராது. விடை மட்டும் பிழையாக வரும். அந்தக் கட்டளையை ஃபோர்ட்ரானின் குறிப்பு வரி வடிவிலேயே அமைத்தார்கள். அதனால் மற்ற கம்பைலர்கள் அதைக் கண்டுகொள்ளாமல் கடந்துபோகும். அதே நிரல் மற்ற இயந்திரங்களிலும் ஓடும். அபாரமான யோசனை. இன்டெலின் ஃபோர்ட்ரான் கம்பைலர் இன்றும் ஐவிடெப்பை ஏற்கிறது.